அஞ்சாம் பாயிண்டில் நூற்றெட்டு

வைத்தீஸ்வரன் கல்கத்தாவில் முப்பத்தொரு வருஷம் உத்தியோகம் பார்த்தார். முப்பத்தொரு வருஷமும் ஒரே கம்பெனி, ஒரே நாற்காலி, ஏறக்குறைய ஒரே கோட்டு. சீமையிலிருந்து மின்சாரச் சாமான் தருவித்து விற்கிற வெள்ளைக்காரக் கம்பெனி அது. தேயிலைத் தோட்டத்து மானேஜர்களும் சணல் மில்காரர்களும் மோட்டார் வேண்டுமென்று எழுதுவார்கள். துரை பதில் சொல்லச் சொல்ல இவர் டைப் அடிப்பார். அவர் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. வரும்படியாக அவர் எதுவும் செய்ததும் இல்லை. ஆனாலும் பவானிபூரில் ஒரு சந்து முழுக்க அவரை 'பம்ப் பாபு' என்றுதான் கூப்பிட்டது. அந்தப் பட்டம் அவருக்கு எப்படி வந்தது, அதில் பாதி யாருக்குச் சேர வேண்டியது என்பதுதான் இந்தக் கதை.

1906-இல் ஹௌரா ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது இருபத்துமூன்று. முதல் ஆறு வருஷம் மதராஸி குமாஸ்தாக்கள் சேர்ந்து நடத்திய மெஸ்ஸில் கழிந்தது. அந்த மெஸ் சாம்பாரைப் பற்றி யாராவது கேட்டால், "சூடா இருக்கும்" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார். மனைவி ஜகதாம்பாள் மாயவரத்தில் பிறந்த வீட்டில் இருந்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை பதினைந்து நாள் லீவு. அதில் ஆறு நாளை ரயிலே விழுங்கிவிடும். புறப்பட்டு வா என்று அவர் எழுதாத மாதம் கிடையாது. அவள் பதில் போடாத மாதமும் கிடையாது. பதிலில் எப்போதும் ஒரே கேள்வி: அங்கே தண்ணீர் எப்படி?

கேள்வியில் விஷயம் இருந்தது. ஜகதாம்பாள் மடி ஆசாரத்தில் கெட்டி. தோல் பட்ட தண்ணீரில் உலை வைக்க மாட்டாள். பட்டணத்துக் குழாய்களுக்குள்ளே, திருகாணிக்கு அடியில், ஒரு தோல் வில்லை உட்கார்ந்திருக்கிறது என்று மதராஸ் போய் வந்த யாரோ அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். சொன்னது பொய்யும் இல்லை. வைத்தீஸ்வரன் ஆறு வருஷம் சமாதானம் சொல்லிப் பார்த்தார். வருகிறது கங்கை ஜலம்தானே என்றுகூட எழுதினார். 'கங்கை சரி, தோல்?' என்று பதில் வந்தது.

கடைசியில் அவர் வேறு வழி பார்த்தார். பவானிபூரில் நிபாரண் பாபு என்கிற வங்காளியின் வீட்டில் மூன்றாம் மாடி காலியாக இருந்தது. கீழே, மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையில், பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று. சௌபச்சா என்பார்கள். கார்ப்பரேஷன் குழாய் அதில் வந்து கொட்டும். வைத்தீஸ்வரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு அந்தக் குழாயைத் தானே பிரித்தார். உள்ளே இருந்த தோல் வில்லையை எடுத்துப் போட்டுவிட்டு, ரப்பரை வெட்டி வைத்தார். நம் வீட்டு எல்லைக்குள் தோல் கிடையாது என்று காளி கோயில் பக்கம் முகத்தைத் திருப்பிச் சத்தியம் பண்ணி எழுதினார். 1912 ஐப்பசியில் ஜகதாம்பாள் வந்து சேர்ந்தாள்.

துணைக்கு வந்தவன் அவள் தம்பி பாலசுப்ரமணியன். பாலு என்று கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வயது, டல்ஹௌசி ஸ்கொயரில் ஸ்டெனோ வேலை கிடைத்து வந்தவன். நிமிஷத்துக்கு நூற்று நாற்பது வார்த்தை சுருக்கெழுத்து எழுதுவான். எழுதுவது மட்டுமா, பேசுவது, சாப்பிடுவது, குளிப்பது எல்லாமே அவனுக்கு நூற்று நாற்பதுதான்.

ஜகதாம்பாளோடு ஒரு தகரப் பெட்டியும் வந்தது. பூட்டு சரியில்லை என்று அதைத் தேங்காய்நார்க் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டியிருந்தது. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாளே தவிர, கயிற்றை அவிழ்க்கவில்லை. புடவை வேண்டுமென்றால் கட்டைச் சற்றே தளர்த்தி, மூடியைத் தூக்கி, இடுக்கு வழியாக உருவிக்கொள்வாள். வைத்தீஸ்வரன் அதைப் பார்த்தார். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

சமையலுக்கு எடுக்கிற தண்ணீரை வேறு கை தொடக்கூடாது. ஆகையால் கீழே சௌபச்சாவிலிருந்து குடத்தில் மொண்டு, அறுபத்துநான்கு படி ஏறி, அவளே கொண்டுவந்தாள். காலையில் நாலு நடை. மூன்றாம் வாரம் இரண்டு முழங்காலும் வீங்கிவிட்டன. அந்தச் சமயம் பார்த்து நிபாரண் பாபு தம் பம்ப்பைக் கூடத்தில் கொண்டுவந்து இறக்கினார்.

நிபாரண் பாபு நல்ல மனுஷர். யந்திரம் என்றால் அவருக்குத் தூக்கம் வராது. வீட்டுக்கு மின்சாரம் வாங்கிக் காற்றாடி போட்டாகிவிட்டது; அடுத்தபடி மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி கட்டி, மோட்டார் வைத்துத் தண்ணீர் ஏற்ற வேண்டும். ஏலத்தில் எடுத்த பழைய பம்ப், தண்டு மேலும் கீழும் போய் இழுக்கிற மாதிரி. அதன் வயிற்றுக்குள் மூன்று தோல் கிண்ணம். சௌபச்சாவுக்குள் முங்கிக் கிடக்க வேண்டிய வால்விலும் தோல்.

ரப்பர் வைக்கலாமா என்று வைத்தீஸ்வரன் கேட்டார். இந்த பம்ப்பில் ரப்பர் பத்து நாள்கூடத் தாங்காது என்று மிஸ்திரி கையை விரித்துவிட்டான்.

அன்று மாலை ஜகதாம்பாள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "ஏன்னா, நான் சண்டை போடலை. அவா வீடு, அவா பம்ப். ஆனா தோல் தொட்டிக்குள்ளேயே வந்துடுத்துன்னா நேக்கு இங்க ஜோலி இல்லை. முட்டியும் இனிமே தாங்காது. பொங்கல் வரைக்கும் பார்க்கறேன். அதுக்குள்ள ஒரு வழி பண்ணுங்கோ. இல்லேன்னா என்னை மதராஸ் மெயில்ல ஏத்தி விட்டுடுங்கோ."

வைத்தீஸ்வரன் தலையை ஆட்டினார். ஒரு மாதமாகத்தான் அவர் வீடு என்று ஒன்றில் இருந்தார். ஆபீசிலிருந்து வந்தால் காப்பி இருந்தது; பாதியில் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருகிற ஒருத்தியும் இருந்தாள். பழைய மெஸ்ஸுக்கும் அந்தச் சூடான சாம்பாருக்கும் திரும்பிப் போகிற தைரியம் அவருக்கு இல்லை. அவள் போய்விட்டால் தான் உடைந்துபோவோம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

தோலே இல்லாத பம்ப் ஒன்று உலகத்தில் இருப்பதும், அது தங்கள் கம்பெனி கோடவுனிலேயே தூசு படிந்து கிடப்பதும் அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். சுழல் பம்ப். நத்தை மாதிரி சுருண்ட இரும்புக் கூடு. உள்ளே ஒரு சக்கரம் சுற்றித் தண்ணீரை விசிறி மேலே தள்ளும். அஸ்ஸாமில் ஒரு தோட்டத்துக்காரர், தண்ணீர் ஏறவில்லை என்று திருப்பி அனுப்பியது. ஏறாததற்குக் காரணம் வைத்தீஸ்வரன்தான்.

நடந்தது இது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டக் குறைக்க ஒரு பெட்டி உண்டு. அதன் முகத்தில் வட்டமாகப் பித்தளைப் புள்ளிகள், நடுவே ஒரு கைப்பிடி. கைப்பிடியைப் புள்ளி புள்ளியாக நகர்த்தினால், மோட்டாரின் காந்தச் சுருளுக்குப் போகிற மின்சாரத்துக்குத் தடை கூடிக்கொண்டே போகும். தடை கூடக்கூட மோட்டார் வேகமாக ஓடும். துரை அப்படித்தான் சொன்னார். தடை போட்டால் வேகம் எப்படி ஐயா கூடும், துரை வாய் தவறிச் சொல்லிவிட்டார் என்று எண்ணி, வைத்தீஸ்வரன் 'கூட்டவும்' என்பதைக் 'குறைக்கவும்' என்று திருத்தி டைப் அடித்துவிட்டார். தோட்டத்துக்காரர் கடிதத்தில் இருந்தபடியே செய்தார். பம்ப் திரும்பி வந்தது. துரை போட்ட கூச்சல் ஆற்றுக்கு அக்கரையில் கேட்டிருக்கும். அன்றிலிருந்து மோட்டார் விஷயத்தில் வைத்தீஸ்வரனுக்கு மறக்கவே முடியாத ஒரு பாடம் இருந்தது.

அந்த பம்ப்பை இரவல் கேட்டார். இடத்தை அடைக்கிறதே என்று துரையும் கொடுத்துவிட்டார். நிபாரண் பாபுவுக்கு ஏலத்து பம்ப்பின் மேல்தான் கண். "மஷாய், உங்களுக்காகப் பௌஷ சங்கராந்தி வரை பார்க்கிறேன்" என்றார். பௌஷ சங்கராந்தியும் நம் பொங்கலும் ஒரே நாள். "அதுவரை ஒரு நாள்கூடத் தவறாமல் தண்ணீர் ஏறினால் உங்கள் பம்ப் இருக்கட்டும். ஒரு நாள் தவறினாலும் என் பம்ப்தான்."

கார்த்திகை கடைசியில் சௌபச்சா அறையில் பம்ப்பை மாட்டினார்கள். அது தண்டு பம்ப் மாதிரி கிடையாது. தண்டு பம்ப் மெதுவாகப் போனால் தண்ணீரும் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். சுழல் பம்ப்புக்கு ஒரு வேகம் உண்டு. அதற்கு ஒரு மாற்றுக் குறைந்தாலும், ஓடுகிற மாதிரி ஓடிக்கொண்டே உள்ளே தண்ணீரைக் கடைந்துகொண்டிருக்கும், மேலே ஒரு சொட்டுப் போகாது. வேகம் மிஞ்சினால் மோட்டார் திணறி ஃபியூஸ் போய்விடும். ஆகக் காரியமெல்லாம் அந்தக் கைப்பிடியில் இருந்தது.

தண்ணீர் ஏறுகிற குழாய் மூன்றாம் மாடி நடை வழியாகத்தான் மொட்டைமாடித் தொட்டிக்குப் போயிற்று. அதில் ஒரு பித்தளைக் குழாயைத் திறப்பாக வைத்து, உள்ளே தானே வெட்டிய ரப்பர் வில்லையைப் போட்டுக்கொடுத்தார். மாடித் தொட்டியில் நேற்றைய தண்ணீர் கலந்திருக்கும். இது அன்றன்றைக்கு ஏறுகிற புதுத் தண்ணீர். ஜகதாம்பாள் குனிந்து, நிமிர்ந்து, தட்டிப் பார்த்து, சரி என்றாள்.

ஒரு நாள் காப்பி கொடுக்கும்போது கேட்டாள்: "தடை போட்டா வேகம் கூடறதுங்கறேளே, அது எப்படி?"

"காந்தத்துக்குப் போறது குறைஞ்சா காந்தம் தளர்ந்துடும். அதை ஈடுகட்ட மோட்டார் கூட ஓடணும். ஓடித்தான் ஆகணும்."

அவள் டபராவை வைத்துவிட்டு யோசித்தாள். "ஆத்துல சாமான் குறைஞ்சா பொம்மனாட்டி கூட ஓடறா. பக்கத்தாத்துக்கு ஓடறா, கடைக்கு ஓடறா. சாமான் நிறைய இருந்தா உட்கார்ந்த இடத்துல நிதானமா வேலை நடக்கும். இதுல என்ன அதிசயம்? இதுக்கா துரை கத்தினான்?"

வைத்தீஸ்வரன் ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு புரிந்துகொண்டதை இவள் ஒரு மிடறு காப்பிக்குள் முடித்துவிட்டாள்.

மார்கழிக் குளிர் ஆரம்பித்ததும் ஒரு சங்கடம் வந்தது. விடிகாலையில் மோட்டார் ஜில்லென்று இருக்கும்போது மந்தமாக ஓடும். மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் எட்டாது. கைப்பிடியை அஞ்சாம் பாயிண்டில் வைத்தால் எட்டும். ஆனால் ஓட ஓடச் சுருள் சூடேறி, வேகம் தானாகக் கூடிக்கொண்டே போகும். அப்படியே விட்டால் ஃபியூஸ் போகும். சரியான நேரத்தில் மூன்றாம் பாயிண்டுக்கு இறக்க வேண்டும். அதற்கு இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும் என்று கண்டுபிடித்தார். குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு வருகிறவரிடம் கடிகாரம் எங்கே இருக்கும்? அந்த அறையில் கிழக்கே பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. அங்கேயே மணையைப் போட்டுக்கொண்டு சந்தியாவந்தனத்துக்கு உட்கார்ந்துவிட்டார். மோட்டாரைக் கிளப்பி, அஞ்சாம் பாயிண்டில் வைத்து, நூற்றெட்டு காயத்ரி. அவர் ஜபம் நிதானமானது. ஒவ்வொன்றுக்கும் மூச்சு இழுத்து விடுவார். நூற்றெட்டு முடிகிறதும் மோட்டார் சூடேறுகிறதும் சரியாக இருந்தது. எழுந்து மூன்றுக்கு இறக்குவார். ஒரே மணையில் இரண்டு வேலை முடிந்ததில் அவருக்கு ஏகத் திருப்தி.

முப்பது நாள் ஒரு நாள் தவறவில்லை. ஜகதாம்பாள் முழங்கால் வீக்கம் வடிந்தது. முதலில் வருகிற துருத் தண்ணீர் மாடித் தொட்டிக்குப் போகட்டும் என்று நடையில் கோலம் போட்டுக்கொண்டிருப்பாள். பிறகுதான் திறப்பைத் திறந்து குடத்தை வைப்பாள். பெட்டிக் கயிறு மட்டும் அப்படியே இருந்தது.

போகியன்று ஆபீசில் துரை கூப்பிட்டார். கிதிர்பூர் டாக்கில் கப்பல் வந்துவிட்டது. நாளை விடியும்போது அங்கே இருந்து மோட்டார் பெட்டிகளை அடையாளம் பார்த்து எடுத்து வர வேண்டும். பெட்டிகளின் மார்க்கு எல்லாம் வைத்தீஸ்வரனுக்குத்தான் அத்துப்படி. நாளைக்குப் பண்டிகை என்று சொல்லிப் பார்த்தார். "கப்பலுக்கு இல்லை" என்றார் துரை.

வீட்டுக்கு வந்து பாலுவைக் கீழே அழைத்துப்போய்க் காட்டினார்.

"இதுதான் ஸ்டார்ட்டர். மெள்ள ஏத்தணும். அப்புறம் இந்தக் கைப்பிடி அஞ்சாம் பாயிண்ட்ல. மணையில உட்கார்ந்து நூத்தெட்டு காயத்ரி. முடிச்சுட்டு மூணுக்கு இறக்கிடு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானே அத்திம்பேர்? நான் பார்த்துக்கறேன்."

"அக்கா பொங்கல் பானை வைக்கணும். தண்ணி நிக்கப்படாது."

"நிக்காது அத்திம்பேர்."

மறுநாள் பனிமூட்டத்தில் முதல் ட்ராமைப் பிடித்துக் கிதிர்பூர் போனார். சுங்க அதிகாரி வரவில்லை. ஷெட் கதவு பூட்டியிருந்தது. ஆற்றங்கரையில் சங்கராந்தி ஸ்நானத்துக்குக் கூட்டம் நெருக்கியடித்தது. படித்துறையில் ஒரு பண்டிதர் முழுகி எழுந்து, நடுக்கத்தோடு பூணூலைப் பிடித்துக்கொண்டு ஜபத்தை ஆரம்பித்தார். உதடு தெரியாத வேகம். வைத்தீஸ்வரன் பையிலிருந்த காகிதக் கட்டைப் பிரித்து, சரிபார்த்து, மறுபடி கட்டுவதற்குள் அவர் ஜபத்தை முடித்துவிட்டுத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். குளிருக்கு என்ன வேகம் பார் என்று இவர் சிரித்துக்கொண்டார்.

சிரிப்பு பாதியில் நின்றது. பாலு.

நிமிஷத்துக்கு நூற்று நாற்பது வார்த்தைக்காரன், விடிகாலைக் குளிரில், ஈர வேஷ்டியோடு. அவன் நூற்றெட்டு எத்தனை நிமிஷம்? ஐந்து? ஆறு? ஆறாம் நிமிஷத்தில் மூன்றுக்கு இறக்கினால் தண்ணீர் இரண்டாம் மாடியைக்கூடத் தாண்டாது. மோட்டார் பாட்டுக்கு ஓடும்; எல்லாம் சரியாக நடக்கிறது என்றுதான் பையன் நினைப்பான். நூற்றெட்டு என்றால் ஊருக்கெல்லாம் ஒரே நேரம் என்று எண்ணிச் சொல்லிவிட்டு வந்தோமே என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டார். பொங்கலன்று, பானை வைக்கிற நேரத்தில், காற்று வருகிற குழாய். நிபாரண் பாபு சொன்ன கெடு இன்றோடு சரி. அவள் சொன்ன கெடுவும் இன்றுதான்.

ஷெட்டைத் திறந்து, பெட்டிகளை எண்ணி, கையெழுத்துப் போட்டு வண்டியில் ஏற்றுவதற்குள் பதினொரு மணி ஆகிவிட்டது. ட்ராமில் உட்காராமல் ஓட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவனும் ஒரு பித்தளைக் கைப்பிடியைப் பாயிண்ட் பாயிண்டாக நகர்த்தினான். இன்னும் ஒரு பாயிண்ட் வை அப்பா என்று அவர் மனசுக்குள் கெஞ்சினார். அவன் மைதானத்துப் பசு ஒன்று தண்டவாளத்தைத் தாண்டட்டும் என்று கைப்பிடியைப் பூஜ்யத்துக்கே கொண்டுபோய்விட்டான். பசு தாண்டுவதற்கு நல்ல நேரம் எடுத்துக்கொண்டது. ஜகதாம்பாள் பெட்டி கூடத்துக்கு வந்திருக்குமோ, ஜட்காவுக்கு ஆள் போயிருக்குமோ என்று அவர் மனசு அடித்துக்கொண்டது. எஸ்பிளனேடில் காளிகட் ட்ராமுக்கு மாறும்போது குடையை முதல் ட்ராமிலேயே விட்டுவிட்டார்.

வீட்டு வாசலில் நிபாரண் பாபு சால்வையோடு நின்றுகொண்டிருந்தார். "மஷாய், இன்று காலை உங்கள் தண்ணீர் நின்றுவிட்டது" என்றார். "கால் மணி நேரம். நான் கடிகாரத்தில் பார்த்தேன்."

வைத்தீஸ்வரன் நேரே உள்ளே ஓடினார். பம்ப் அறையில் எட்டிப் பார்த்தார். பாலு மணையில் உட்கார்ந்திருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்து, ஆயுசில் முதல் தடவையாக நிறுத்தி நிதானமாகப் பேசினான்.

"நான் சரியாத்தான் பண்ணினேன் அத்திம்பேர். அஞ்சுல வெச்சேன், நூத்தெட்டு சொன்னேன், மூணுக்கு இறக்கினேன். அக்கா மேலேருந்து குரல் கொடுத்தா, குழாய்ல காத்து வரதுன்னு. மோட்டார் நன்னாத்தானே ஓடறதுன்னேன். அக்கா மடிப்பட்டோட கீழேயே இறங்கி வந்துட்டா."

"அப்புறம்?"

"தடைதான் ஜாஸ்தியாயிடுத்தாக்கும்னு நான் கைப்பிடியை ஒண்ணுக்குக் கொண்டுபோகப் பார்த்தேன். அக்கா வாசப்படியிலேருந்து, 'டேய், கையை எடு. அந்தப் பக்கம் சாமான் ஜாஸ்தி, அது உட்கார்ந்துடும். இந்தப் பக்கம் கொண்டுவா, சாமான் குறைஞ்சாத்தான் ஓடும்'னா. நேக்கு ஒண்ணும் புரியலை. 'நகர்ந்துக்கோ, என் மேல படாதே'ன்னுட்டு அக்காவே வந்துட்டா."

தொட வேண்டியது ஊரார் கைபட்ட கைப்பிடி. மடியும் போகக்கூடாது, மின்சாரமும் தாக்கக்கூடாது. ஜகதாம்பாள் ஒரு கணம் நின்றாளாம். பிறகு பட்டுப் புடவைத் தலைப்பைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, மூன்று, நாலு, அஞ்சு என்று நகர்த்தினாளாம். பட்டுக்கு விழுப்பு கிடையாது, எதைத் தொட்டாலும் தீட்டு ஒட்டாது என்பது அவள் அறிந்தது. பட்டில் மின்சாரம் பாயாது, அதனால்தான் கம்பிக்கே பட்டு நூல் சுற்றுகிறார்கள் என்பது வைத்தீஸ்வரன் நூறு தடவை டைப் அடித்தது. இரண்டு பேர் சாஸ்திரமும் அந்தத் தலைப்பில் ஒத்துப்போயிற்று.

"அப்புறம் என்னை மணையில உட்கார வெச்சா. முதல்லேருந்து சொல்லு, ஒவ்வொண்ணுக்கும் மூச்சு விடு, உதடு அசையறது நேக்குத் தெரியணும்னா. சொன்னேன். தண்ணி ஏறித்து. நடுவுல நிபாரண் பாபு வந்து நின்னார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காம, தண்ணி வரதுன்னு வங்காளியில 'ஜோல் ஆஷ்சே'ன்னா. நான் தொண்ணுத்தாறு சொல்லிண்டிருக்கேன், அக்கா சுவத்துப் பக்கம் காதை வெச்சுண்டு, 'போதும், சத்தம் மாறிடுத்து'ன்னுட்டு மூணுக்கு இறக்கிட்டா."

வாசலில் நிபாரண் பாபு இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் கண்டிப்பைத் தேடிப் பார்த்தார் வைத்தீஸ்வரன். காணவில்லை.

"தவறிவிட்டது என்றுதான் கீழே வந்தேன்" என்றார் நிபாரண் பாபு. மருமகளை வங்காளிகள் பௌமா என்பார்கள்; ஜகதாம்பாளை அவர் அப்படித்தான் சொல்வார். "பௌமா அந்தக் கைப்பிடியை நகர்த்தியதைப் பார்த்தேன். என் மிஸ்திரி மாட்டுகிற அன்றே இரண்டு தடவை தப்பான பக்கம் திருப்பி ஃபியூஸை எரித்திருக்கிறான். பம்ப் இருக்கட்டும். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் பௌமா பார்த்துக்கொண்டால் போதும். மைத்துனர் வேண்டாம்."

பம்ப் விஷயம் தீர்ந்தது. பெட்டி விஷயம் பாக்கி இருந்தது. அறுபத்துநான்கு படியையும் வைத்தீஸ்வரன் எண்ணிக்கொண்டே ஏறினார். நடையில் கோலம் முழுசாக இருந்தது. சமையலறையில் பொங்கல் பானை இறக்கி வைத்திருந்தது. இங்கே கிடைக்கிற பேரீச்ச வெல்லத்தைப் போட்டிருந்தாள், அந்த வாசனை மூன்றாம் மாடி முழுக்க நிறைந்திருந்தது. அவளைக் காணவில்லை. படுக்கையறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பெட்டி இருந்தது. மூடி விரியத் திறந்திருந்தது. கயிறு இல்லை.

பெட்டியைக் காலி பண்ணி வேறு எதிலாவது கட்டிக்கொண்டாளா, என்ன அர்த்தம் இதற்கு என்று ஒன்றும் ஓடாமல் மொட்டைமாடிக்குப் போனார்.

ஜகதாம்பாள் வெயிலில் நின்று ஈரப் புடவையை உதறிக்கொண்டிருந்தாள். தொட்டித் தூணிலிருந்து கைப்பிடிச் சுவர் ஆணி வரைக்கும் தேங்காய்நார்க் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. அதில் ஒரு ஒன்பது கெஜம் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருந்தது.

"வந்துட்டேளா? அந்த மூங்கில் தினம் விழறது. மடித்துணி எல்லாம் மண்ணாப் போறது" என்றாள். "இன்னொண்ணு. உங்க மூணாம் பாயிண்ட் கொஞ்சம் கம்மி. மோட்டார் இழுத்துண்டு முனகறது. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல ஒண்ணு வைக்கச் சொல்லுங்கோ உங்க துரையை."

"சொல்றேன்" என்றார். சந்தோஷத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல், "முடிச்சு இறுகிப் போயிருக்குமே. அவிழ்க்க வந்துதா?" என்று கேட்டார்.

"எங்க வரது? அருவாமணையால அறுத்துட்டேன்." புடவையின் மறு நுனியை அவர் கையில் படாமல் கயிற்றின் மேல் வீசினாள். "துண்டு துண்டாப் போயிடுத்து. முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு இதுக்கே சரியா இருந்தது. இனிமே அது பெட்டிக்கு எட்டாது."

வைத்தீஸ்வரன் தூண் பக்கம் போய், அவள் போட்டிருந்த கட்டு நழுவாதபடி இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.